ஸ்டெல்லேரியம்: முதலில் ஓவியத்தை அணையுங்கள்

கோள் எங்கே, கிரகணம் எப்போது என்று சொல்ல எத்தனையோ செயலிகள் உண்டு. கணினியில் வானத்தைக் காட்டும் இலவச மென்பொருளான ஸ்டெல்லேரியத்தைப் பரிந்துரைக்க வேறு காரணம் இருக்கிறது. ஒரே விண்மீன்களில் வெவ்வேறு மக்கள் கண்ட உருவங்களை அதில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

முதலில் எஃப்6 அழுத்தி உங்கள் ஊரைக் கொடுங்கள். இணையத்தை வைத்து இடத்தைத் தானாக ஊகிப்பது சில நேரம் தவறும். ஊர் பாரிஸ் என்று விழுந்தால் தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டம் உதிக்கவே உதிக்காது. சென்னையிலிருந்து அது தென்திசையில் சுமார் 17 பாகை வரை ஏறும்.

அடுத்து எஃப்4. பழைய பதிப்புகளில் ஸ்டார்லோர், புதியவற்றில் ஸ்கை கல்ச்சர் என்ற பகுதியில் பண்பாடுகளின் பட்டியல் இருக்கும். விசைகளில் 'சி' விண்மீன்களை இணைக்கும் கோடு, 'வி' பெயர், 'ஆர்' உருவத்தின் ஓவியம். ஓவியத்தை உடனே போடாதீர்கள். வேட்டைக்காரன் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் ஓரியன் விண்மீன் கூட்டத்தில் வேறெதுவும் தெரியாது. மார்கழி முன்னிரவில், நம் ஊர்க் கீழ்வானில் இடுப்புப்பட்டையின் மூன்று மீன்களும் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். வேட்டைக்காரன் அப்போது படுத்துத்தான் கிடப்பான்! வட அமெரிக்கத் தொல்குடியினரான லகோட்டா மக்களுக்கு அதே இடம் ஒரு கை. பட்டை மணிக்கட்டு, கீழே தொங்கும் வாள் கட்டைவிரல்.

பெரிய குறை, இரண்டு பண்பாடுகளை ஒரே திரையில் அடுக்க முடியாது என்பது. இதற்கு வழி உண்டு. '7' அழுத்தி நேரத்தை நிறுத்துங்கள். கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் திரையில் தெரிவது படமாகச் சேமிப்பாகும். வேறெதையும் அசைக்காமல் பண்பாட்டை மட்டும் மாற்றி மறுபடி சேமியுங்கள். நேரத்தை நிறுத்தாவிட்டால் வானம் நகர்ந்து, இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது.

எல்லாப் பட்டியலுக்கும் ஓவியம் கிடையாது. 'ஆர்' அழுத்தி ஒன்றும் வராவிட்டால் பழுது என்று நினைக்க வேண்டாம். சீன மரபில் 283 சிறு கூட்டங்கள். பெயரையும் சேர்த்துப் போட்டால் திரை நெரிந்துவிடும், பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியத் தொல்குடியினர் வானில் காணும் ஈமு பறவை இன்னும் சிக்கல். அது விண்மீன்களால் ஆனதல்ல, பால்வழியின் இருட்டுத் திட்டுகளால் ஆனது. தென்சிலுவைக்கு அருகிலுள்ள 'கரிப்பை' (கோல்சாக்) என்ற இருட்டுத் திட்டு தலை. ஆல்ஃபா, பீட்டா சென்டாரி என்ற இரு விண்மீன்கள் வழியாகக் கழுத்து. கோடு போட்டுக் காட்டும் மென்பொருளுக்கு இது ஒத்துவராது. கோடுகளை அணைத்து, பால்வழியின் பிரகாசத்தைக் கூட்டி, ஒளிமாசைக் குறைத்தால் உருவம் துலங்கும். ஆனால் கண்ணுக்குப் பால்வழி சாம்பல் நிறம்தான்; அதனால் வண்ணச் செறிவைக் குறைத்தே வையுங்கள்.

வெளியே கொண்டுபோனால் கண்ட்ரோல்-என் திரையைச் சிவப்பாக்கும். அப்போதும் மடிக்கணினியின் வெளிச்சம் அதிகம்; இருளுக்குப் பழகக் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் வேண்டும், அது ஒரு நொடியில் கெடும். சேமித்த படங்களைக் கறுப்பு வெள்ளையாகத் தலைகீழ் நிறத்தில் அச்சிட்டு, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சுடன் எடுத்துப் போவது மேல்.