காப்பு அரிசிப் பானைக்குள் இருந்தது

மட்டக்களப்பு, கல்லடியில் வீட்டுக்குள் கால் வைத்த அன்றே அம்மா என் காதோடு சொன்னார்: "மகன், உன் அக்கா என் காப்பைக் களவெடுத்துவிட்டாள்." அக்கா ஒன்றும் பேசாமல் அரிசிப் பானைக்குள் கையை விட்டுக் காப்பை எடுத்து நீட்டினாள். அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவையாம். அம்மாவுக்கு மறதி நோய். அல்ஸைமர் என்ற மறதி நோய்க்குப் பெயர் தந்த டொக்டர் அல்ஸைமர், 1901 இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில் பார்த்த பெண்ணுக்கும் மறதியோடு கணவர்மேல் சந்தேகமும் இருந்தது என்றேன். "அந்தக் கணவர் பாவம்" என்றாள் அக்கா.

நான் கனடாவிலிருந்து ஒரு திட்டத்தோடு போயிருந்தேன். பி-டௌ 217 என்ற புரதத்தை இரத்தத்தில் அளந்தால், அல்ஸைமர் நோயில் மூளையில் சேரும் அமிலொயிட் என்ற இன்னொரு புரதம் படிந்திருக்கிறதா என்று ஊகிக்கலாம். அமெரிக்காவில் இவ்வகைப் பரிசோதனை ஒன்றுக்கு 2025 மே மாதம் அனுமதி கிடைத்தது. நகரத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் பரிசோதனையின் பெயரை ஒரு துண்டில் எழுதியே கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தைரொயிட்டுக்குப் பில் போட்டுவிட்டது. காசு கட்டிய பிறகுதான் கவனித்தேன். திருப்பித் தரமாட்டார்களாம். கொதித்துக்கொண்டு வீடு வந்தால், "நல்லது தம்பி, டொக்டர் அதையும் கேட்டிருந்தார்" என்கிறாள் அக்கா.

அரச வைத்தியசாலை கிளினிக்குக்கு விடிய ஐந்தரைக்கே நம்பர் எடுத்தோம், கூப்பிட்டது பத்தரைக்கு. அம்மாவை ஐந்து மணித்தியாலம் வாங்கில் இருத்தியதைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் டொக்டர் அவசரப்படவில்லை. அக்காவின் கொப்பியை வாங்கி ஒவ்வொரு வரியாக வாசித்தார். 'பின்னேரம் 5.10, வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டை ஆட்டினார். இரவு 2 மணி, அடுப்பைப் பற்றவைத்தார்.' கடைசி நான்கு நாட்களில் வரிகள் நெருங்கியிருந்தன. அந்த இடத்தில் பேனையை நிறுத்தி, சலப் (சிறுநீர்ப்) பரிசோதனைக்கு எழுதினார். கிருமித் தொற்று இருந்தது. வயதானவர்களுக்கு அது ஒன்றே போதுமாம், குழப்பம் திடீரென ஏறுவதற்கு.

பி-டௌ பற்றிக் கேட்டேன். "அம்மாவின் சிறுநீரகம் பழுது. அதனாலும் அந்த அளவு கூடும். கூடியிருந்தாலும், ஐந்து மணிக்கு ஏன் கேட்டைப் பிடிக்கிறார் என்று இரத்தம் சொல்லாது" என்றார். அம்மாவின் குழப்பத்தை அடக்கிவைக்கும் மாத்திரைக்கும் டொக்டர் உடனே சம்மதிக்கவில்லை. மறதி நோயாளிகளுக்கு அவை உயிராபத்தைக் கூட்டுமாம்.

கிருமித் தொற்றுக்கான மருந்து முடிய இரவுகள் அடங்கின. ஐந்து மணிக் கேட் மட்டும் மாறவில்லை. இப்போது அக்கா தடுப்பதில்லை. வாவிக்கரை வரை கூட்டிக்கொண்டு போய், பின்பக்கத்தால் உள்ளே அழைத்து வருகிறாள். "வீடு வந்துவிட்டது" என்று அம்மா செருப்பைக் கழற்றுகிறார்.