டாமியா, டச்சுக் குரோக்கஸா, கிரைசாந்தஸா? குளிர்காலக் கடைசியில் எதை நடலாம், எப்படி அடையாளம் காணலாம்

பனி முழுதாக உருகவில்லை, புல்லும் நிமிரவில்லை. அதற்குள் ஊதா நிறத்தில் இரண்டு குரோக்கஸ்கள், கிழங்கிலிருந்து முளைக்கும் குட்டையான பூச்செடிகள், ஒரு சாண் இடைவெளியில் எழும்பியிருந்தன. இரண்டும் ஒரே பொட்டலத்திலிருந்து வந்தவை. பொட்டலத்தின் மேல் 'டோமாசினியானஸ்' என்று அச்சிட்டிருந்தது. ஈரத்தரையில் முழங்காலிட்டு, இதழ்களுக்குக் கீழே மண்ணை நோக்கி இறங்கும் பூக்குழலைப் பார்த்தேன். ஒன்றில் அது வெங்காயத்தாளின் அடியைப் போல வெள்ளையாக இருந்தது. மற்றதில் ஊதா மண் வரைக்கும் ஓடியிருந்தது. முதலாவது டோமாசினியானஸ்தான். இரண்டாவது, வெர்னஸ் இனத்திலிருந்து பெருக்கிய டச்சுக் குரோக்கஸ்.

பூத்தால் போதும், பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. முதலாவது விதை போட்டுச் சில ஆண்டுகளில் மரத்தடி முழுவதும் பரவிவிடும். மற்றது நட்ட இடத்திலேயே பக்கக் கிழங்கு விட்டு மெல்லப் பருக்கும். எது எது என்று தெரியாமல் நட்டால், பரவ வேண்டிய இடத்தில் பரவாது, அடங்கி நிற்க வேண்டிய பாத்தியில் அடங்காது.

தோட்டக்காரர்கள் 'டாமி' என்று செல்லமாக அழைக்கும் டோமாசினியானஸ் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியின் காட்டுப்பூ. தாவரவியலாளரும் இன்றைய இத்தாலியின் திரியெஸ்தே நகரின் மேயருமாக இருந்த முட்சியோ டொமாசினியின் பெயரால் ஆங்கிலேயத் தாவரவியலாளர் வில்லியம் ஹெர்பர்ட் இந்தப் பெயரை வைத்தார். மூடியிருக்கும்போது இதைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். வெளி இதழ்களில் சாம்பல் வெள்ளி பூசினாற்போன்ற ஒல்லியான மொட்டு, காய்ந்த புல்லுக்கு நடுவே கண்ணுக்கே படாது. வெயில் ஏறியதும் நட்சத்திரமாக விரியும். அதே தரை ஊதாவாகிவிடும். குரோக்கஸ் இதழ்கள் அரை டிகிரி வெப்ப மாற்றத்தைக்கூட உணர்பவை. சூடு ஏறினால் உட்புறம் வேகமாக வளர்ந்து இதழ் விரிகிறது, குளிர்ந்தால் வெளிப்புறம் வளர்ந்து மூடிக்கொள்கிறது. அதனால் மேகமூட்டமான நாளில் டாமியை எடைபோடாதீர்கள்.

டச்சுக் குரோக்கஸ் மூடியிருந்தாலும் தெரியும். கோப்பை போன்ற பெரிய பூ, அகலமான இலை, ஜன்னலிலிருந்து பார்த்தாலே கண்ணைப் பறிக்கும் நிறம். வெள்ளை 'ஜான் தார்க்', கோடு போட்ட 'பிக்விக்', ஆழ்ந்த ஊதா 'ரிமெம்பரன்ஸ்' எல்லாம் இந்தக் கூட்டம். டாமி பூத்து ஓரிரு வாரம் கழித்துத்தான் இவை வரும். வெள்ளைப்பூவாக இருந்தாலும் 'ஜான் தார்க்'கின் அடியில் ஊதாச் சாயம் கசிந்திருப்பதைக் கவனியுங்கள். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டுபவர்கள் தவறவிடும் இடம் அது.

புல்வெளியில் நடுவதாக இருந்தால் பூவைவிட இலைதான் முடிவைச் சொல்லும். பூ வாடிய பிறகு இலை மஞ்சளாகும் வரை புல் வெட்டக்கூடாது. அடுத்த ஆண்டின் கிழங்கு பழைய கிழங்கின் தலைமேல் புதிதாக உருவாவது அந்த வாரங்களில்தான். சீக்கிரம் வெட்டினால் மறு ஆண்டு இலை மட்டும் வரும், பூ வராது. டாமியின் இலை ஊசிபோல் மெல்லியது, செடியும் முன்னதாகவே பூத்து முன்னதாகவே அடங்கிவிடுகிறது. டச்சு இலைகள் தடித்தவை, புல் முழங்கால் நோக்கி வளரும்போதும் பச்சையாகவே நிற்கும். காத்திருக்கும் பொறுமை இருந்தால் டச்சும் புல்லில் நன்றாகவே வாழும். போலந்தின் தாத்ரா மலையில் ஹோஹோவோவ்ஸ்கா பள்ளத்தாக்கின் மேய்ச்சல் நிலங்கள், வெர்னஸின் நெருங்கிய உறவான குரோக்கஸால் பனி உருகும் சமயத்தில் ஊதாவாகிவிடுகின்றன. ஆனால் பொறுமையில்லாத வீட்டுப் புல்வெளிக்கு என் தேர்வு டாமி. 'ரூபி ஜயன்ட்' என்ற வகையை மட்டும் பரவட்டும் என்று நம்பி வாங்காதீர்கள். டாமி என்ற பெயரில் விற்கிறார்கள். அது அநேகமாகக் கலப்பினம், விதை பிடிக்காது.

தலைப்பில் சொன்ன மூன்றாவது குரோக்கஸ் இனமான கிரைசாந்தஸை அறிய இலையுதிர்காலத்தில், நடும்போதே பார்க்க வேண்டும். கிழங்கின் அடியை நகத்தால் தொட்டால் முட்டை ஓடு போன்ற தோல் வளையம் வளையமாகக் கழன்று வரும். டாமியிலும் டச்சிலும் இது கிடையாது. அவற்றின் தோல் மெல்லிய நார்களால் ஆனது. சீபெரி என்ற இன்னொரு குரோக்கஸின் தோலோ மீன்வலை போல முரடான பின்னல். பூவே இல்லாமல், மண்ணிலிருந்து வெளியே எடுத்த கிழங்கை வைத்தே இனத்தைப் பிரித்துவிடலாம் என்பது இந்தச் செடியின் மீது எனக்குள்ள பெரிய மோகம்.

அந்தத் தோல் செடி பிறந்த ஊரின் நினைவையும் கொண்டுவருகிறது. கிரைசாந்தஸ் பால்கனிலும் துருக்கியிலும் கல் நிறைந்த சரிவுகளில் வளர்வது. அங்கே கோடை வறண்டது. ஆகவே கோடையிலும் நீர் பாய்ச்சும் பாத்தியில் போட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்து போகும். தொட்டி, கற்பாத்தி, சுவரோரம் இவைதான் இதற்கு ஏற்ற இடம். பூ சிறியது, உருண்டையானது, தேன் மணம் வீசும். 'கிரீம் பியூட்டி'யை மூக்கருகே கொண்டுபோக முடிகிற உயரத்தில், தொட்டியில் வைத்திருக்கிறேன். மகரந்தப் பைகளின் அடிமுனையில் கரும்புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் இந்த இனத்தின் அடையாளம். சந்தைக்கு வரும் பல வகைகளில் பைஃப்ளோரஸ் இனமும் கலந்திருக்கிறது, அதன் தோலும் வளையத் தோல்தான். எனவே இங்கே வளையத்தைப் பார்த்துக் குடும்பத்தைச் சொல்லலாம், தூய்மையைச் சொல்ல முடியாது.

கிரேக்க மலைகளின் சீபெரிக்கு ஒரே ஒரு பார்வை போதும். பூவின் தொண்டைக்குள் மஞ்சள் இருந்தால் அது டாமி அல்ல. 'டிரைகலர்' வகையில் ஊதா, வெள்ளை, மஞ்சள் என மூன்று பட்டைகள் கோடு பிரித்தாற்போல் நிற்கும். வெயிலும் வடிகாலும் கேட்கும். மற்றபடி தொந்தரவு இல்லை.

முழு மஞ்சள் வேண்டுமென்றால் 'கோல்டன் யெல்லோ'. மலட்டுக் கலப்பினம், கிழங்கு பிரிந்துதான் பெருகும், ஆனால் நன்றாகவே பெருகும். சிட்டுக்குருவிகள் மஞ்சள் இதழ்களைக் கிழித்துப் போடுவதைப் பல ஆண்டுகள் பார்த்துவிட்டேன். பக்கத்திலேயே நிற்கும் ஊதாவை அவை சீண்டுவதில்லை. அணில் தொல்லை உள்ள இடத்தில் என் கண்ணுக்கு டாமிதான் அதிகம் தப்பிக்கிறது. எலிகளுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது, கம்பி வலைதான் காவல்.

நடுவதில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. இலையுதிர்காலத்தில் 8 முதல் 10 செ.மீ. ஆழம், நான்கு விரல் இடைவெளி. ஆழம் கொஞ்சம் குறைந்துவிட்டால் கவலை வேண்டாம், சுருங்கும் வேர்கள் கிழங்கைத் தாமாகவே கீழே இழுத்துக்கொள்ளும். கூடவே வாரக்கணக்கில் நீளும் குளிரும் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் எந்தக் குரோக்கஸும் ஒழுங்காகப் பூக்காது.

தமிழில் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது குங்குமப்பூவைப் பற்றித்தான். அதுவும் குரோக்கஸ்தான், ஆனால் சட்டைவஸ் என்ற தனி இனம், இலையுதிர்காலத்தில் பூப்பது. குளிர்காலக் கடைசியில் பூக்கும் இவற்றின் சூல்முடி சிவந்த ஆரஞ்சாக இருந்தாலும் பறித்துப் பாலில் போடாதீர்கள். அதைவிட முக்கியமானது, மகரந்தத் தாள்களை எண்ணுவது. குரோக்கஸில் மூன்று. ஆறு இருந்தால் அது கொல்கிகம், நம் செங்காந்தளின் குடும்பம், அதே கொல்கிசின் நஞ்சு. கொல்கிகம் என்றாலே இலையுதிர்காலம் என்று நினைப்போம். ஆனால் அதில் புல்போகோடியம் என்ற இனம் பனி உருகும்போதே, குரோக்கஸோடு சேர்ந்து, அதே ஊதா ரோஜா நிறத்தில் பூக்கும். குழந்தைகள் விளையாடும் தோட்டமென்றால் எண்ணிவிட்டுத்தான் நான் அடுத்த செடிக்குப் போவேன்.

ஊதாக் குழல் கொண்ட அந்த இரண்டாவது செடியின் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி நட்டிருக்கிறேன். பூ உதிர்ந்த பிறகு எல்லா இலையும் ஒரே பச்சை, அப்போது தேடினால் கிடைக்காது. இலை மஞ்சளானதும் தோண்டி, மார்ச்சில் ஜன்னலிலிருந்து தெரியும்படி பாத்தியின் ஓரத்துக்கு மாற்றுவேன். மரத்தடியை டாமிக்கே விட்டுவிடுகிறேன். வெள்ளைக் குழல் செடியின் காய் வசந்தக் கடைசியில் மண்மட்டத்துக்கு மேலே தலைகாட்டும். வெடித்து விதை சிந்தினால் அதை எறும்புகள் எடுத்துப்போகும். அவை இழுத்துப்போன இடங்களில் முதல் பூவைப் பார்க்க இன்னும் மூன்று நான்கு குளிர்காலம் ஆகும்.