எல்லிசனும் மீச்சமும்: அடிமையாக இருந்து எஜமானர் ஆனவர்கள்

எல்லிசன், மீச்சம் இருவரும் அமெரிக்கக் கறுப்பர்கள்; அடிமைகளாகப் பிறந்து, உழைத்துச் சேர்த்த காசில் தங்களையே விலைக்கு வாங்கி விடுதலையானவர்கள். அப்புறம் இருவருமே அடிமைகளை வாங்கினார்கள்.

தென் கரோலினாவின் வில்லியம் எல்லிசன் பருத்திக்கொட்டை நீக்கும் இயந்திரம் செய்கிறவர். மனைவியையும் மகளையும் மீட்டார், சரி. அதோடு நிற்கவில்லை, 1860இல் அவரிடம் 63 அடிமைகள். பருத்தித் தோட்டம், முன்னாள் ஆளுநரின் வீடு, கறுப்பர்களை மேல்மாடத்தில் உட்காரவைக்கும் வெள்ளையர் தேவாலயத்தின் கீழ்த்தளத்திலேயே குடும்பத்துக்கென்று இருக்கை. அவர் அடிமைகளை வாங்கியது லாபக் கணக்கு, வேறொன்றுமில்லை.

செயின்ட் லூயிஸின் ஜான் பெரி மீச்சம் பாதிரியார். பீப்பாய்ப் பட்டறையும் வைத்திருந்தார். சுமார் 20 பேரை வாங்கித் தொழில் கற்றுக்கொடுத்தார்; விலைப்பணத்தை உழைத்து அடைத்ததும் விடுதலை. எனக்கு இவர் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனாலும் அவரிடமிருந்த சிலர் விடுதலை கேட்டு அவர்மேலேயே வழக்குப் போட்டார்கள். கடன் அடையும்வரை சட்டப்படி அவர்களும் அடிமைகள்தானே.