நுவரெலியா விடியற்குளிரும் என் பைக்கின் ஷொக்கும்: ஏழு வருட அனுபவம்

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏழு வருடமாக ஒரே 125 சிசி பைக்கில் போய் வருகிறேன். ஹோட்டல் கிச்சனில் காலை வேலை. ஐந்து மணிக்கு லயத்தை விட்டுக் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய் அடுப்புப் பற்றவைக்கலாம். ரதெல்ல குறுக்கு வீதியால் ஏறி, நானுஓயா தாண்டி, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள டவுனுக்குள் நுழைய வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் அங்கே சில விடியல்களில் குளிர் 5 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். புல் வெள்ளையாகக் கிடக்கும், தேயிலைக் கொழுந்து கருகிப் போகும். மீற்றரில் இப்போது 88,000 கிலோமீற்றர். இன்ஜின் ஒருநாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை. பாடாய்ப் படுத்தியது முன் ஷொக்தான், அதாவது குழியின் அதிர்வைத் தாங்கும் முன்பக்கக் குழாய்கள். இதே மாதிரி அவதிப்படுகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மூன்றாவது வருட ஜனவரியில் ஆரம்பித்தது. காலையில் சின்னக் குழியில் விழுந்தாலும் ‘டக்’ என்று அடி மணிக்கட்டு வரை ஏறும். வரிசையாக நாலு குழி வந்தால் இன்னும் மோசம். முதல் குழியில் அமுங்கிய முன்பக்கம் மேலே வருவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். நாலாவது குழியில் ஷொக்கே இல்லாத வண்டி மாதிரி இருக்கும். ஆனால் வேலை முடிந்து இரண்டு மணிக்கு அதே ரோட்டில் இறங்கி வரும்போது ஒரு குறையும் தெரியாது.

சிக்கலே அங்கேதான். கராஜ் திறப்பது ஒன்பது மணிக்கு. நான் கொண்டுபோவது பின்னேரம். ஹேண்டிலைப் பிடித்து இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்பார்கள். ஒரு இடத்தில் ஷொக்கின் ஒயில் கசியாமல் பிடிக்கும் ரப்பர் வளையமான ஒயில் சீலை மாற்றினார்கள், ஒன்றும் மாறவில்லை. இன்னொரு இடத்தில் முன் ஷொக்கின் இரண்டு கால்களையும், அதாவது சில்லின் இரு பக்கமும் உள்ள குழாய்களை, புதிதாகப் போடச் சொன்னார்கள். அந்தக் காசு என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி.

அந்த நேரத்தில்தான் கனடாவில் இருக்கும் மச்சானோடு பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் குளிர்காலத்தில் ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர். முன்னால் சில்லுக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர் பட்டி, அந்தப் பட்டிக்குள்ளே பின் ஷொக்குகள். மைனஸ் 20 பாகையில் ஷொக்கைச் சுற்றி ஐஸ் இறுகிப் பிடிக்குமாம். கிரீஸ் மெழுகு மாதிரி ஆகிவிடுமாம். உள்ளே நைட்ரஜன் அடைத்த ஷொக் என்றால் அந்த அழுத்தமும் குறையுமாம். “எடுத்தவுடனே ஷொக்கைக் குறை சொல்லாதே மச்சான். முதல்ல ஐஸைத் தட்டிவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, அப்புறம் பாரு. குளிர்ல எவ்வளவு அமுங்குது, சூடானதும் எவ்வளவு அமுங்குதுன்னு அளந்து எழுதி வை” என்றார்.

அளக்கவும் அவரே வழி சொன்னார். முன் ஷொக்கின் பளபளப்பான குழாயில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை, தள்ளினால் நகரும் ஆனால் தானாக வழுக்காத அளவுக்கு மாட்டி, சீல் வரை கீழே தள்ளிவிட வேண்டும். ஷொக் அமுங்கும்போது சீல் அதை மேலே தள்ளும். திரும்பி வந்தாலும் டை போன இடத்திலேயே நிற்கும். எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அடிமட்டத்தை வைத்தே படிக்கலாம். நானுஓயா ஸ்டேஷன் பக்கம் எனக்குப் பழகிய குழி ஒன்று இருக்கிறது. அதே குழி, அதே வேகம். காலையில் 55 மில்லிமீற்றர், பின்னேரம் 90. ஒரு வாரம் எழுதினேன், பெரிய வித்தியாசம் வரவில்லை.

அந்தத் தாளோடு தலவாக்கலையில் பைக் திருத்தும் ஒரு வயதான பாஸிடம் போனேன். அவர் தாளை இரண்டு தரம் பார்த்துவிட்டு, “வண்டிய ராவைக்கு இங்கயே விட்டுட்டுப் போங்க தம்பி, விடிய வாங்க” என்றார். மறுநாள் ஐந்தரைக்கு நான் போகும்போது மப்ளரைச் சுற்றிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். முன் பிரேக்கைப் பிடித்து அமுக்கினார். மெத்தை மாதிரி மெல்ல மெல்ல மேலே வந்தது. இரண்டு காலையும் கழற்றி ஒரு பழைய யோகட் கோப்பையில் கவிழ்த்தார். உள்ளே இருந்த ஒயில் கித்துள் பாணி ஊற்றுகிற மாதிரி நூலாக இறங்கியது. விரலில் தேய்த்து முகர்ந்துவிட்டு, “இது இன்ஜின் ஒயில். கட்டியானது” என்றார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு வருடத்துக்கு முன், மரக்கறி மூட்டையோடு இறங்கும்போது முன்பக்கம் ரொம்ப அமுங்குகிறது என்று ஒரு கராஜில் சொல்லியிருந்தேன். இறுக்கமாக்கித் தருகிறோம் என்று இந்தக் கட்டி ஒயிலை ஊற்றியிருக்கிறார்கள். அதுவும் ஒரு காலில் கூட, மற்றதில் குறைய.

உள்ளே நடப்பது இதுதான். ஷொக் அமுங்கும்போதும் எழும்பும்போதும் ஒயில் சின்னத் துளைகள் வழியாகப் போய் வருகிறது. அந்தத் தடைதான் வண்டி குதிக்காமல் பிடித்துவைக்கிறது. குளிரில் ஒயில் தடிக்கும். மெதுவாக அமுக்கினால் அது நகர்ந்து கொடுக்கும். குழியில் சட்டென்று அடிபடும்போது துளையால் போக முடியாமல் அடி நேரே கைக்கு வருகிறது. எழும்பி வருவதும் தாமதமாகிறது. பாரத்துக்கு முன்பக்கம் அமுங்கினால் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கை. ஒயிலைத் தடிப்பாக்கி அதைச் சரிசெய்ய முடியாது. இதை அடித்துச் சொல்வேன்.

பாஸ் உள்ளே மண்ணெண்ணெயால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, 10W என்ற தடிப்பு எண் கொண்ட ஷொக் ஒயில் ஊற்றினார். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஷொக் காலை அடிவரை அமுக்கி வைத்து, குழாயின் வாயிலிருந்து ஒயில் மட்டம் வரை அடிமட்டத்தால் அளந்து, இரண்டு காலையும் சமமாக்கினார். முன் சில்லைப் பூட்டும்போது இன்னொன்றும் செய்தார். அச்சாணியை இறுக்கும் முன் ஹேண்டிலை நாலைந்து தடவை அமுக்கிவிட்டார். இரண்டு காலும் தன்பாட்டில் நேராகி உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் கால்கள் கோணலாகி, புது ஒயில் இருந்தும் ஷொக் பிடித்துப் பிடித்துத்தான் இறங்கும்.

மறுநாள் காலை அதே குழியில் 80. பின்னேரம் 92. எனக்கு அது போதும்.

ஒயில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 10W என்று எழுதியிருந்தாலும் கொம்பனிக்குக் கொம்பனி தடிப்பு மாறும். போத்தலின் பின்னால் 40 பாகையில் எவ்வளவு தடிப்பு என்ற எண் இருந்தால் அதை ஒப்பிட்டு வாங்குங்கள். அளவுக்கு உங்கள் வண்டியின் கைநூலைப் பாருங்கள், கராஜில் சொல்லும் குத்துமதிப்பை நம்ப வேண்டாம்.

அதற்குப் பிறகு வந்தவை சின்னப் பிரச்சினைகள். ஐந்தாம் வருடம் இடது சீல் கசிந்தது. குளிரில் ரப்பர் விறைத்து, குழாயில் இருந்த ஒரு துருப்புள்ளி அதைக் கீறியிருக்கிறது. மிக மெல்லிய உப்புத்தாளால் புள்ளியின் விளிம்பை மழுக்கிவிட்டுச் சீல் மாற்றினோம், மூன்று குளிர்காலம் தாங்கிவிட்டது. ஒருமுறை ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது, உள்ளே தண்ணீர் போயிருந்தது. அதிலிருந்து மழை ஓயும் டிசம்பர் கடைசியில் வருடா வருடம் ஒயில் மாற்றுகிறேன். பின்னால் வந்த ‘கிரீச்’ சத்தத்துக்கு ஷொக்கைச் சந்தேகப்பட்டோம், பின் சில்லைத் தாங்கும் சுவிங் ஆர்மில் பழைய கிரீஸ் கட்டிபட்டிருந்ததுதான் காரணம். டயர் காற்றையும் விட்டுவிடாதீர்கள். மதியம் 28 psi அடித்தது விடியலில் 26 ஆகிவிடும். முன்பக்கம் அலைந்தால் ஷொக்கைக் கழற்றும் முன் காற்றைப் பாருங்கள்.

காலையில் ஷொக்கில் சுடுதண்ணீர் ஊற்றுகிறவர்களையும் கண்டிருக்கிறேன், வேண்டாம். சீலைச் சுற்றி ஒட்டிய சேறு கரைந்து உள்ளே இறங்கத்தான் அது உதவும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு முதல் மூன்று கிலோமீற்றரை மெதுவாக ஓட்டுங்கள். ஷொக் வேலை செய்யச் செய்ய ஒயில் தானே இளகும்.

அந்தக் கேபிள் டை இன்னும் குழாயில்தான் இருக்கிறது. இன்று காலை 76 காட்டியது. இடது சீலுக்கு மேலே நூல் மாதிரி ஒரு ஒயில் வளையமும் தெரிந்தது. ஞாயிறு லீவு. சனி இரவே வண்டியைப் பாஸிடம் விட்டுவிட்டு வரப்போகிறேன்.