மாமல்லபுரத்தில் தலைக்கு 600 ரூபா கொடுக்காதீங்க

சபரிமலை, பழனி, வேளாங்கண்ணி என்று சுற்றிவிட்டு, ப்ளேன் ஏற ஒரு நாள் மிச்சமிருந்தால் இலங்கை மலையகத்தில் நம்ம ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து ஆட்கள் சென்னையிலிருந்து போவது மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குத்தான். வந்து செலவுக் கணக்கைப் பார்த்தால் ஒரே இடத்தில் ஓட்டை: "டிக்கெட் தலைக்கு 600."

அந்த 600 நமக்கான கட்டணமே இல்லை. கவுண்டர் போர்டை முழுசா வாசிங்க. இந்தியர்களுக்கு 40 ரூபா, சார்க், பிம்ஸ்டெக் என்ற அயல்நாட்டுக் கூட்டமைப்புகளின் நாட்டவர்களுக்கும் அதே 40. இலங்கை இரண்டிலும் இருக்கிறது. 600 மற்ற வெளிநாட்டவருக்கு. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம். ஆறு பெரியவர்கள் போனால் 3,360 இந்திய ரூபா வீண். ஒரு டிக்கெட்டே நம்ம காசுக்கு ரெண்டாயிரத்தைத் தாண்டும். தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவருக்கு ஒரு நாள் சம்பளம் அவ்வளவு விழாது.

பிழை தொடங்குவது லாட்ஜில். "சி பாரம் நிரப்பணும்" என்று பாஸ்போர்ட்டை வாங்கி லாச்சிக்குள் போட்டுவிடுவார்கள். பாரம் உண்மைதான், வெளிநாட்டவர் தங்கினால் அவர்கள் பதிந்தாக வேண்டும். அதற்குப் பிரதி எடுத்தால் போதும், புத்தகம் அவர்களிடம் கிடக்கத் தேவையில்லை. அது கைக்கு வராமல் கிளம்பாதீங்க. இலங்கையர் என்று காட்ட ஒன்றும் இல்லாவிட்டால் கவுண்டரில் 600 என்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தமிழ் பேசுகிறோமே, உள்ளூர் விலை கிடைக்கும் என்ற நினைப்பும் வேண்டாம். வாயைத் திறந்ததும் "சிலோனா?" என்று கேட்டுவிடுவார்கள்.

அடுத்தது வண்டிக்காரர். "நான் எடுத்துத் தாரேன், வெயில்ல நிக்காதீங்க" என்பார். தலைக்கு 600 வாங்கி, 40 ரூபா டிக்கெட் எடுத்து, வாசலில் தானே காட்டி உள்ளே அனுப்பிவிடுவார். டிக்கெட்டைக் கையில் வாங்கி, அதில் அடித்திருக்கும் தொகையைப் பாருங்க. பார்த்துவிட்டு வீசியும் விடாதீங்க, அன்றைக்கு ஐந்து ரதத்துக்கும் அதே டிக்கெட்தான். அர்ஜுனன் தபசை ரோட்டில் நின்றே பார்க்கலாம்.

வாடகையிலும் ஒரு கண் வேண்டும். 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்று மலிவாகப் பேசுவார்கள். போய்வரவே 110, 120 ஆகிவிடும். 80க்கு மேல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் காசு, அதுவும் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்த நேரத்திலிருந்து கணக்கு. டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா உள்ளே சேர்த்தியா என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்க. சாமான் குறைவென்றால் திருவான்மியூரில் பஸ் ஏறுவது எவ்வளவோ மேல்.

கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு நீட்டினால் வாங்காதீங்க. இராஜசிம்ம பல்லவன் கட்டிய இந்தக் கோயிலில் சிவலிங்கமும் பள்ளிகொண்ட பெருமாளும் உண்டு, பூசை கிடையாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் இது. நேர்த்தி இருந்தால் ஊருக்குள் தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது, அங்கே போய்க் கும்பிடுங்க.

பெரிய ஏமாற்று சிலைக் கடையில். மாக்கல்லில் செதுக்கி, கறுப்பு மெழுகு பூசி, கருங்கல் என்று தலையில் கட்டிவிடுவார்கள். இந்த ஊர்ச் சிற்பிகளின் கைவேலை பேர்போனது, அந்தப் பேரில்தான் இதுவும் விலை போகிறது. சிலையைக் கவிழ்த்து, மெருகு படாத அடிப்பக்கத்தை நகத்தால் கீறுங்க. வெள்ளைக் கோடு விழுந்து, விரலில் முகப்பவுடர் மாதிரி வழுவழுப்பாக ஒட்டினால் மாக்கல். அடியிலும் மெழுகு தடவியிருந்தால் சாவியால் கீறிக் காட்டச் சொல்லுங்க, மறுத்தால் அடுத்த கடைக்கு நடங்க. கருங்கல்லில் நகம்தான் தேயும். அதை வாங்குவதானால் கடையிலேயே நிறுத்துப் பாருங்க. ஒரு முழ உயரப் பிள்ளையார் உங்க லக்கேஜ் கிலோ அத்தனையையும் தின்றுவிட்டு இன்னும் கேட்பார்.