ஓசி மிஷினா காசு மிஷினா: அப்பா காதுக்காக ரீயூனியன்ல ஒரு மாசம்

ஆகஸ்ட்ல ஒரு மாசம் லீவு போட்டு, இந்தியப் பெருங்கடல்ல இருக்கற பிரெஞ்சுத் தீவு ரீயூனியனுக்குப் போயிட்டு வந்தேன். எரிமலை பாக்கணும், சலாசி மலைப்பக்கம் ரெண்டு நாள் தங்கணும்னு பெருசா பிளான் போட்டிருந்தேன். லண்டன்ல ஏறி பாரிஸ்ல மாறி, அங்கேருந்து பதினோரு மணி நேரம் உக்காந்து கால் வீங்கிப் போய் இறங்கினா, ஏர்போர்ட் பார்க்கிங்லயே தங்கச்சி ஒரு ஃபைல கையில திணிச்சிட்டா. "அண்ணே, அப்பாவுக்கு காது மிஷின் வாங்கற விஷயம் இனிமே உன் பொறுப்பு, கத்திக் கத்தி என் தொண்ட போச்சு"ன்னா. அவ்ளோதான், எரிமலையும் இல்ல ஒரு மலையும் இல்ல.

எங்க கதைய தெரியாதவங்களுக்கு: பாண்டிச்சேரியில எங்க வீட்ட சொல்தா வீடுன்னு சொல்வாங்க, சொல்தான்னா பிரெஞ்சுல சிப்பாய். அப்பா பிரெஞ்சு ராணுவத்துல பீரங்கிப் பிரிவுல இருந்தவரு, அப்புறம் குடும்பத்தோட ரீயூனியன் வந்து சேந்த்-அந்த்ரேங்கற ஊர்லயே தங்கிட்டாரு. இப்ப வயசு 81. பீரங்கி பக்கத்துல நிக்கறப்ப காதுல பஞ்சு வச்சா மத்த பசங்க கிண்டல் பண்ணுவானுங்களாம், அதனால வைக்கலையாம். அந்த வீரத்துக்கு இப்ப பலன். ஆடியோகிராம்னு காது டெஸ்ட் பேப்பர், அதுல கோடு நல்லா நேரா வந்துட்டு 4000 ஹெர்ட்ஸ் கிட்ட, அதாவது கீச்சு சத்தம் பக்கம், கிணத்துல விழுந்த மாதிரி விழுது. வெடிச்சத்தத்துல போன காதுன்னா அந்த இடத்துலதான் முதல்ல போகும்னு டாக்டர் சொன்னாரு. அதனாலதான் "நீங்க பேசறது கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல"ன்னு அப்பா பத்து வருஷமா சொல்லிட்டிருந்தாரு, நாங்கதான் அது சாக்குன்னு நெனச்சோம். சத்தம் வருது, ச, ட, த மாதிரி எழுத்தோட கூர்மைதான் வரல. காசுன்னா காதுன்னு கேக்கும், காதுன்னா காசுன்னு கேக்கும்.

முதல்ல காது டாக்டர் சீட்டு வேணும். முதல் தடவ காது மிஷின் வாங்கறவங்களுக்கு ஓ-எர்-எல், அதாவது காது மூக்கு தொண்டை டாக்டர், இல்லன்னா காதுக்குன்னு தனியா பயிற்சி எடுத்த டாக்டர் எழுதிக் குடுத்தாதான் செக்யூரித்தே சோசியால் (அரசாங்க மருத்துவக் காப்பீடு, சுருக்கமா செக்யூ) காசு தரும். தங்கச்சி மார்ச்லயே அப்பாயின்ட்மென்ட் கேட்டு வச்சதாலதான் ஆகஸ்ட்லயாவது கிடைச்சுது. நீங்க ஊருக்குப் போயி பாத்துக்கலாம்னு நெனச்சீங்கன்னா வேண்டாம், டிக்கெட் போடறதுக்கு முன்னாடி டாக்டர் தேதிய போடுங்க.

இப்ப காசு விஷயம். பிரான்ஸ்ல 2021 ஜனவரியிலேருந்து நூறு பர்சென்ட் சாந்தேன்னு ஒரு திட்டம் காது மிஷினுக்கு முழுசா வந்துருச்சு, ரீயூனியனும் பிரான்ஸ் தானே, அதே சட்டம் தான். மிஷின ரெண்டு வகையா பிரிச்சிருக்காங்க. கிளாஸ் ஒண்ணுல விலைக்கு அரசாங்கம் உச்சவரம்பு வச்சிருக்கு, மெத்ரோபோல் (ஐரோப்பாவுல இருக்கற பிரான்ஸ்) ரேட் படி பெரியவங்களுக்கு ஒரு காதுக்கு 950 யூரோ. அதுல செக்யூ 240 தரும், மீதிய மியூச்சுவெல் (நாம தனியா எடுத்து வச்சிருக்கற கூடுதல் காப்பீடு) தந்தாகணும், நம்ம பாக்கெட்லேருந்து ஒரு சாந்தீமும் போகாது. கிளாஸ் ரெண்டுல கடக்காரன் வச்சதுதான் விலை. அதுக்கும் செக்யூ அதே 240தான், மியூச்சுவெல் உங்க கான்ட்ராக்ட் என்ன சொல்லுதோ அத குடுக்கும், அதுவும் செக்யூ காசையும் சேத்து ஒரு காதுக்கு 1700க்கு மேல போகாது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவதான் புதுசு.

இத நான் கடைக்குப் போறதுக்கு முன்னாடியே படிச்சு வச்சிருந்தேன், நல்லதாப் போச்சு. முதல்ல போன கட பெரிய கட, பேர் வேண்டாம், கண்ணாடிக் கதவு, காபி மிஷின், சோபா எல்லாம் இருந்துச்சு. அந்தப் பையன் அப்பாவ இருபது நிமிஷம் டெஸ்ட் பண்ணிட்டு ஒரு தெவி (விலை எழுதின கொட்டேஷன்) நீட்டினான். ரெண்டு காதும் சேத்து 3700 யூரோ. அப்பாவோட மியூச்சுவெல் கணக்கு பாத்தா நம்ம கையிலேருந்து 2300 போகும். கிளாஸ் ஒண்ணு எங்கன்னு கேட்டேன். "அது இருக்கு, ஆனா உங்கப்பா மாதிரி ஆளுக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன், அடிப்படை மாடல்"னு இழுத்தான். சட்டப்படி தெவியில ஒவ்வொரு காதுக்கும் கிளாஸ் ஒண்ணு மிஷின் ஒண்ணாவது காட்டியே ஆகணும். அத சொன்னதும் மூஞ்சி மாறி உள்ள போயி இன்னொரு பேப்பர் பிரின்ட் எடுத்துட்டு வந்தான். இதையெல்லாம் கேக்க ஆள் இல்லாத வீட்டு தாத்தாவுக்கு அந்த ரெண்டாவது பேப்பர் கண்ணுல பட்டிருக்குமா சொல்லுங்க.

ஆனா கஷ்டம் கடக்காரன் கிட்ட இல்ல, அப்பா கிட்டதான். காசு குடுக்கறதுதான் நல்ல சரக்குன்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. "ஓசியில தர்றது ஓசி மாதிரிதான்டா இருக்கும், என்ன பிச்சக்காரனாட்டம் ஆக்காத"ன்னு கார்ல வர்ற வழியெல்லாம் திட்டு. அப்பதான் நான் என் வலது காதக் காட்டினேன். நான் அஞ்சு வருஷமா போட்டிருக்கறது லண்டன்ல என்ஹெச்எஸ் (பிரிட்டன் அரசாங்க மருத்துவ சேவை) குடுத்தது, காதுக்குப் பின்னாடி நிக்கற சாம்பல் கலரு, பேட்டரி ரிப்பேர் எல்லாம் இலவசம். சொந்தமா குடுக்கல, இரவலாத்தான் குடுத்திருக்காங்க, தொலைச்சா சில ஊர்ல காசு கேப்பாங்க. அழகு பாத்தா சுமார்தான், இதுதான் வேணும் அதுதான் வேணும்னு தேர்ந்தெடுக்கவும் முடியாது. நானும் ஒரு தடவ ஹை ஸ்ட்ரீட் கடையில உள்ளுக்குள்ள மறையற மாடல் விலை கேட்டேன், ரெண்டாயிரம் பவுண்டுக்கு மேல சொன்னதும் நன்றி சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். பிரைவேட்டா வாங்கினத என்ஹெச்எஸ்ல எடுத்துட்டுப் போனா தொட மாட்டாங்க, வாங்கின கடைக்குத்தான் ஓடணும். அப்பா என் மிஷின கழட்டச் சொல்லி கையில வச்சு திருப்பித் திருப்பிப் பாத்தாரு, தன் காதுல வச்சும் பாத்தாரு (பண்ணாதீங்க, ஒருத்தர் செட்டிங் இன்னொருத்தருக்கு ஆகாது). அப்புறம் ஒண்ணும் பேசல.

ரெண்டாவது கட வீட்லேருந்து நடக்கற தூரம். சின்ன கட, ஒரு வயசான அம்மா, இந்தத் தீவு பாஷை கிரியோல்ல பேசறவங்க. அவங்க பண்ணினத சொல்லியே ஆகணும். வழக்கமான டெஸ்ட் எல்லாம் பிரெஞ்சு சொல்ல வச்சுத்தான், ரெண்டு ரெண்டு அசையில ஸ்பீக்கர்ல வரும், கேட்டத திருப்பிச் சொல்லணும். அப்பா பிரெஞ்சுல கேட்டு கிரியோல்ல பதில் சொல்லி நடுவுல தமிழ்ல "என்னடா சொல்றான்"னு என்னையும் கேட்டுட்டிருந்தாரு, மார்க் எப்படி வரும். அந்தம்மா நிறுத்திட்டு, வீட்ல என்ன பாஷை பேசறீங்கன்னு கேட்டாங்க. தமிழ்னதும் தங்கச்சிய அப்பா முதுகுக்குப் பின்னாடி உக்கார வச்சு, வாய கையால மறைச்சுட்டு, கிட்டத்தட்ட ஒண்ணு போல கேக்கற தமிழ் வார்த்தைங்கள சாதாரணக் குரல்ல சொல்லச் சொன்னாங்க. காசு, காது, காடு, பாட்டு, பாத்து. மிஷின் இல்லாம பத்துக்கு மூணு. கிளாஸ் ஒண்ணு மிஷின மாட்டி செட் பண்ணினப்புறம் பத்துக்கு எட்டு. தங்கச்சி அழுதுட்டா, அப்பா "ஏன்டி மூக்கு உறிஞ்சற"ன்னாரு, அதுவும் கேட்டுருச்சு.

கிளாஸ் ஒண்ணு மிஷின் ஒண்ணும் டப்பா இல்ல, குறைஞ்சது 12 சேனல் (சத்தத்த சுருதி வாரியா தனித்தனியா செட் பண்ற பகுதி) இருக்கணும், நாலு வருஷம் வாரன்டி. காதுக்குப் பின்னாடி வைக்கறதும் உண்டு, காதுக்குள்ள வைக்கறதும் உண்டு. முக்கியமா, எந்த கிளாஸா இருந்தாலும் வாங்கறதுக்கு முன்னாடி குறைஞ்சது 30 நாள் வீட்ல போட்டுப் பாக்கலாம், பிடிக்கலன்னா திருப்பிடலாம். அந்தம்மா ரெண்டையும் குடுத்தாங்க, முதல் ரெண்டு வாரம் கிளாஸ் ஒண்ணு, அடுத்த பத்து நாள் கிளாஸ் ரெண்டு.

முதல் நாலு நாள் நரகம். சத்தத்த ஒரேயடியா ஏத்தாம கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துவேன்னு அவங்க சொல்லித்தான் அனுப்பிச்சாங்க, ஆனாலும் அப்பாவுக்கு தட்டு கழுவற சத்தம் பீரங்கி, பிளாஸ்டிக் பை கசங்கினா பீரங்கி. அவரோட செருப்புச் சத்தமே அவருக்கு ஆகல, யாரோ பின்னாடி வர்றாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்தாரு. எங்க பக்கம் தகரக் கூர வேற, தீவோட கிழக்குப் பக்கம் மழைக்குப் பேர் போனது, ராத்திரி மழை வந்ததும் ரெண்டையும் கழட்டி அரிசி டப்பாவுல போட்டுட்டாரு. ஈரம் மிஷினுக்கு எதிரிதான், அதனால யோசனை தப்பில்ல, ஆனா அரிசித் தூள் மைக் ஓட்டையில போயிடும். ஈரம் உறிஞ்சற மாத்திரை போட்ட சின்ன டப்பா கடையிலயே கிடைக்கும், அத வாங்குங்க.

ரெண்டையும் போட்டுப் பாத்ததுல வித்தியாசம் இருந்துச்சா? இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. சேந்த்-போல் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனோம், கடலோரமா அத்தன ஜனம், மைக் போட்டு விக்கறவன், மியூசிக். அங்க விலை கூடின மிஷின்ல அப்பா கொஞ்சம் சுலபமா பேசினாரு. வீட்ல, டிவி முன்னாடி, கோயில்ல, போன்ல ஒரு மண்ணு வித்தியாசமும் அவருக்குத் தெரியல. சந்தைக்கு மாசத்துக்கு ஒரு தடவ போறவருக்கு 2300 யூரோ எதுக்கு? வேலைக்குப் போறவங்க, தினம் மீட்டிங்ல உக்கார்றவங்கன்னா நான் வேற மாதிரி சொல்லியிருப்பேன். அப்பாவே கடைசியில "ஓசியே போதும், மிச்சத்துல பாண்டிக்கு டிக்கெட் போடு"ன்னுட்டாரு. இல்லாத காசுல மிச்சம்.

எனக்கும் ஒண்ணு வாங்கிடலாமான்னு ஆசை வந்துச்சு. நான் பிரெஞ்சு பாஸ்போர்ட் வச்சிருக்கேன், ஆனா செக்யூவுல இல்ல, கார்த் வித்தால்னு சொல்ற செக்யூ கார்டு எப்பவோ செத்துப்போச்சு, அதனால முழு விலையும் என் தலையில. பாஸ்போர்ட் இருந்தா கிடைக்கும்னு நெனச்சுட்டு வர்றவங்க கவனிங்க. அந்தக் காசக் குடுத்தாலும், மிஷின் விலையிலேயே சேந்து வர்ற சர்வீஸ் எல்லாம் சேந்த்-அந்த்ரேயில இருக்கும், நான் லண்டன்ல இருப்பேன். முதல் வருஷம் மூணாம் மாசம், ஆறாம் மாசம், பன்னெண்டாம் மாசம், அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கூப்பிட்டு சுத்தம் பண்ணி செட் பண்ணித் தருவாங்க. நடக்கற தூரத்துல இருக்கற கடைய நான் எடுத்ததுக்கு அதுதான் காரணம், மிஷின் பிராண்டு எதுன்னுகூட இப்ப எனக்கு ஞாபகமில்ல.

கிளம்பறதுக்கு முந்தின வாரம் பக்கத்துக் கோயிலுக்குப் போனோம். இங்க தலமுறையா இருக்கற தமிழ் வம்சாவளி ஆளுங்கள மலபார்னு சொல்வாங்க, அந்தச் சனங்க கிரியோல்தான் பேசுவாங்க, பாட்டு மட்டும் தமிழ்ல, பிரெஞ்சு எழுத்துல எழுதி வச்சுப் படிப்பாங்க. முன்னாடி அப்பா போயி உச்சரிப்பு திருத்திக் குடுப்பாரு, காது மங்கினதும் நிறுத்திட்டாரு. அன்னிக்கு மேளம் ஆரம்பிச்சதும் துள்ளிட்டாரு, தூரமா தூண் பக்கம் போயி நின்னுக்கிட்டாரு. பாட்டு வந்ததும் மெதுவா முன்னாடி வந்து, முடியறவரைக்கும் பொறுத்து, பாடின பையன் தோள்ல கை வச்சு "அது பலம் இல்ல ராசா, பழம்"னாரு.

இப்ப மூணாம் மாச சர்வீஸ் முடிஞ்சிருக்கு. நடுவுல ஒரு விபத்து, சட்டப் பையில மிஷின வச்சுட்டு சட்டைய வாஷிங் மெஷின்ல போட்டிருக்காரு, நல்லவேளை ஓடறதுக்கு முன்னாடி தங்கச்சி பாத்துட்டா. தொலைஞ்சா வாரன்டி பேசாது, நாலு வருஷம் ஆகாம செக்யூவும் பேசாது. அதனால ரெண்டு மிஷினையும் ஒரு கயித்துல கோத்து காலர்ல கிளிப் போட்டு விட்டிருக்கா. கயிறு மஞ்சக் கலரு. "எனக்கே தாலி கட்டிட்டா"ன்னு வீடியோ கால்ல கம்ப்ளெயின்ட்.