மூன்று கோடை கண்ட ‘டூன்’

பாலைவனக் கிரகத்தில் நடக்கும் ‘டூன்’ நாவலின் என் பிரதி இரண்டாவது முறையாக பைண்டிங்குக்குப் போய் நேற்றுத் திரும்பியது. அதைப் பார்த்த நண்பர், “அண்ணாச்சி, நானும் ஒன்று வாங்கலாமா?” என்று கேட்டார். கதை அவருக்குத் தெரியும், சினிமாவாகப் பார்த்துவிட்டார். எனவே கதையை விட்டுவிடுகிறேன்.

புத்தகத்தின் முதுகு உடைந்ததற்குக் காரணம், கடைசியில் இருக்கும் சொற்பட்டியல். முதல் அத்தியாயத்திலேயே ‘கோம் ஜப்பார்’, ‘க்விசாட்ஸ் ஹாடெராக்’ என்று வந்து விழுகின்றன. பொருள் வேண்டுமென்றால் 500 பக்கத்துக்கு மேல் தாண்டிப் போக வேண்டும். ஒரு விரலை இங்கே செருகிக்கொண்டு மறுகையால் பின்னால் புரட்டிப் புரட்டி, வெறும் பசையில் ஒட்டிய புத்தகம் எத்தனை நாள் தாங்கும்? அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே இரண்டு வரி போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? மூன்றாம் வாசிப்பிலும் இந்தக் கோபம் ஆறவில்லை. துரோகி யார் என்பதை அத்தியாய முகப்பில் வரும் இளவரசி இருலானின் குறிப்பு முன்பே சொல்லிவிடுவதும் முதலில் எரிச்சலூட்டியது. ஆனால் அது தெரிந்த பிறகுதான் அந்தத் துரோகி, மருத்துவர் யூவே, பரிவோடு பேசும் ஒவ்வொரு வரியும் வலிக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கள் ஊர் சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டு ஓரம். ஆடிக்காற்றில் செம்மணல் சோற்றுத் தட்டு வரை வந்துவிடும். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவன் நான். நாவலிலும் தண்ணீர்தான் அரிய பொருள். கோமகன் லெட்டோவின் பளபளப்பான மேசைமேல் பாலைவனத் தலைவன் ஸ்டில்கர் துப்புகிறான். எல்லோரும் கொதிக்கிறார்கள். கோமகனின் வீரன் டங்கன் ஐடஹோ தடுத்து, உடம்பின் ஈரத்தைக் கொடையாகத் தந்ததற்கு நன்றி சொல்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் திண்ணையிலேயே இருந்தேன். பிறகு, கதாநாயகன் பாலுடன் மோதிய பாலைவனத்தான் ஜாமிஸின் சாவு. பால் அழும்போது, செத்தவனுக்கு ஈரம் கொடுக்கிறானே என்று கூட்டம் நெகிழ்கிறது; இறந்தவனின் உடல்நீரை அளந்து 33 லிட்டர் சொச்சம் என்கிறார்கள். இறந்த அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்த காலை எனக்கு நினைவு வந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் மணல்மேடுகளில் புல் நட்டு மணலைக் கட்டுவதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனவர் ஃபிராங்க் ஹெர்பர்ட். கட்டுரை முடியவில்லை, 1965-இல் இந்த நாவல் வந்தது. தேரியில் கொல்லாமரம் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த மணல் அந்நியமே இல்லை.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். இந்த மெல்லட்டைப் பதிப்புக்குக் காசு கொடுக்கச் சொல்ல மனம் ஒப்பவில்லை. அப்படியானால் இரவல் தாருங்கள் என்றார். அதற்கும் மறுத்துவிட்டேன். ஆடி பிறக்கப் போகிறது. நான் நான்காம் முறை தொடங்க வேண்டும்.